சித்திரக் கதையின் மீது ஏன் இந்தப் பழி?

ஜப்பானியரின் சித்திரக் கதை நூல்களை 'மங்கா' என்பர். அவற்றுள் ஒரு வகை உண்டு. பள்ளிக்குப் போகாமல் திரிபவர்கள், ஆசிரியரை எதிர்த்து நிற்பவர்கள், கூட்டமாய்ச் சேர்ந்து அடுத்த பள்ளிப் பிள்ளைகளோடு சண்டையிடுபவர்கள், நள்ளிரவில் மோட்டார் சைக்கிளின் ஓசையால் ஊரை எழுப்புபவர்கள் ஆகிய பதின்பருவத்தினரே அவ்வகைக் கதைகளின் நாயகர்கள். மொழிபெயர்ப்பாகவும் அசையும் படமாகவும் இக்கதைகள் கைபேசி வழியே நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்துவிட்டன. அவை வந்த வேகத்திலேயே தீர்ப்பும் வந்துவிட்டது. "போக்கிரிகளைக் கதாநாயகர்களாக்கும் குப்பை, படித்தால் பிள்ளை கெடும், பறித்து எறியுங்கள்" என்பதே அத்தீர்ப்பு. மேடைகளிலும் கேட்கிறோம்; பெற்றோர் கூட்டங்களிலும் கேட்கிறோம்.

தீர்ப்பு வழங்கியோருள் எத்தனை பேர் அந்நூல்களில் ஒன்றையேனும் முதற்பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தவர்கள்? (அவை வலமிருந்து இடமாகச் செல்பவை. அரபு நூல் பழகிய கைகளுக்கு அதில் தடுமாற்றமே இல்லை. ஆங்கிலம் பழகியவர்களே முதற்பக்கத்தைத் தேடி முடிவைத் திறந்துவிடுகின்றனர்.) இவ்வகையில் வரும் நூல்களுள் பெரும்பாலானவற்றை நானும் விரும்புகிறவனல்லன். ஆயினும் அவர்கள் சொல்லும் காரணம் வேறு. என் காரணம் வேறு. அவர்கள் நூலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். அக்கூண்டில் நிற்க வேண்டியது ஜப்பானியப் பள்ளிக்கூடம் என்கிறேன் நான்; நூலைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துங்கள் என்கிறேன். சாட்சிகளுள் மெய்ச்சாட்சியும் உண்டு, பொய்ச்சாட்சியும் உண்டு. இவ்வகை நூல்களுள் மெய்ச்சாட்சி சொல்பவை பெரும்பாலும் சிறியவை. பொய்ச்சாட்சி சொல்பவை பெரும்பாலும் நீண்டவை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழியின் வரலாற்றைப் பார்ப்போம். இன்று நம்மிடையே எழும் கூக்குரல் புதிதன்று. ஜப்பானியர் தம் நாட்டிலேயே அதனை எழுப்பிப் பார்த்துவிட்டனர். 1955-இல் அங்கே 'தீய நூல்களை விரட்டும் இயக்கம்' என ஒன்று கிளம்பிற்று. பெற்றோரும் ஆசிரியரும் சித்திரக் கதைகளைத் திரட்டித் தீயிட்டனர். பின்னாளில் நாட்டின் பெருமையாகப் போற்றப்பட்ட தெசூகா ஒசாமுவின் படைப்புகளும் அன்று கண்டனத்துக்குத் தப்பவில்லை. அக்காலத்தில் இந்நூல்களை வாங்கிப் படித்தவர்கள் சிலர். வாடகைக்கு எடுத்துப் படித்தவர்களே பலர். தெருமுனைகளில் 'கஷிஹோன்' எனப்பட்ட வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. அக்கடைகளுக்கு வந்த இளைஞர்கள் யார்? பெரும்பாலும் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வந்த பிள்ளைகள். 1954-இல் வடக்கே அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு 'கூட்டு வேலைவாய்ப்பு' இரயில் ஓடத் தொடங்கிற்று. நடுநிலைப் பள்ளியை முடித்த 15 வயதுச் சிறுவரும் சிறுமியரும் அதில் ஏற்றி அனுப்பப்பட்டனர். 1975 வரை அத்தகைய இரயில்கள் ஓடின. முதலாளிகள் அப்பிள்ளைகளைப் 'பொன் முட்டைகள்' என்று அழைத்தனர்! அப்பொன் முட்டைகள் எத்தகைய அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டன, ஓய்வு நாளில் போக்கிடமின்றி எப்படி அலைந்தன என்பதை யார் எழுதினார்கள்? தத்சுமி யோஷிஹிரோ என்பவர் 1957-இல் தம் சித்திரங்களுக்கு 'கெகிகா', அதாவது நாடகச் சித்திரம், எனப் புதுப்பெயர் சூட்டினார். அவரும் அவர் தோழர்களும் சில பத்துப் பக்கங்களில் முடியும் சிறுகதைகளாக இத்தகைய தனித்த மனிதரைத் தீட்டினர். எரித்தவர்கள் அந்தச் சாட்சியத்தையும் சேர்த்தே எரித்தனர்.

'நூல் படித்ததால் பிள்ளை கெட்டது' என்பாருக்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மோட்டார் சைக்கிள் கூட்டங்களை 'போசோசோகு' என்பர். காவல்துறைக் கணக்கின்படி அவர்களின் தொகை உச்சத்தைத் தொட்டது 1982-இல். அன்று 42,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அதன் பிறகு அவர்களைப் பற்றிய சித்திரக் கதைகள் குறைந்தனவா? இல்லை. கியூச்சி கசுஹிரோவின் 'பீ-பாப் ஹைஸ்கூல்' 1983-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் வந்தது. தகாஹாஷி ஹிரோஷியின் 'குரோஸ்' 1990 முதல் 1998 வரை வந்தது. வகுயி கென் எழுதிய 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' 2017 முதல் 2022 வரை வந்து 31 தொகுதிகளாய் நிறைந்தது. நூல்கள் பெருகின; கூட்டங்களோ தேய்ந்து, பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கின. நூல்தான் கூட்டத்தை வளர்க்கிறது எனின் கணக்கு நேர்மாறாகவன்றோ இருந்திருக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் மேடை ஏறக் கூடாது.

நிற்க. அக்கூட்டங்கள் ஏன் தோன்றின என்பதை இனிக் காண்போம். மக்கள் மறந்துவிட்ட ஒரு மாற்றத்தில் அதன் வேர் இருக்கிறது. 1950-இல் ஜப்பானியப் பிள்ளைகளுள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர். 1974-இல் அத்தொகை 90-ஐக் கடந்தது. கல்வி பரவியது நன்மையே, யார் மறுப்பர்? ஆனால் எல்லோரும் பள்ளிக்குள் வந்துவிட்ட பிறகு பள்ளிகள் தம்மைத் தாமே படிக்கட்டாக அடுக்கிக்கொண்டன. தேர்வு மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் எண்ணை வைத்து, 15 வயதிலேயே 'நீ இன்ன பள்ளிக்குத்தான் தகுதி' என முத்திரை குத்தினர். மேற்படிக்கட்டில் இருப்போர்க்கு எதிர்காலம் உண்டு. கீழ்ப்படிக்கட்டில் தள்ளப்பட்டவனுக்குப் பள்ளியில் மேசை உண்டு, சீருடை உண்டு, விதிகள் உண்டு. எதிர்காலம் மட்டும் இல்லை. முன்னாளில் இவன் பட்டறைக்குப் போயிருப்பான். கையில் ஒரு தொழிலாவது இருந்திருக்கும். இப்போதோ மூன்றாண்டு அடைத்து வைக்கப்பட்டான்.

விதிகள் என்றேனே, அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தலைமுடி இத்தனை அங்குலம், காலுறை இன்ன நிறம், பாவாடையின் கீழ்விளிம்பு இவ்வளவு உயரம் என அளவுகோலுடன் வாசலில் நின்றனர் ஆசிரியர்கள். பல ஊர்களில் நடுநிலைப் பள்ளி ஆண்பிள்ளைகள் அனைவரும் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குமமோட்டோவில் ஒரு மாணவன் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றான். 1985-இல் அவன் வழக்குத் தோற்றது. பிள்ளைகளை அடிப்பதை 1947-ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தது. கை கன்னத்தில் இருந்தது. விளைவு என்ன? 1980 அக்டோபரில் மியே மாகாணத்து ஓவாசே நகரின் நடுநிலைப் பள்ளியில் கலகத்தை அடக்கக் காவலர்கள் வர வேண்டியதாயிற்று. 1983 பிப்ரவரியில் டோக்கியோவைச் சேர்ந்த மச்சிதா நகரில் ஓர் ஆசிரியர் தம் மாணவனைக் கத்தியால் குத்தினார். அவ்வாண்டுகளில் 'பள்ளி வன்முறை' என்னும் சொல் நாளிதழ்களில் நாள்தோறும் அச்சேறிற்று. இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடுவர் என்று பள்ளிகள் இன்னும் இறுக்கின. 1990 ஜூலை 6 அன்று கோபே நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், மணி எட்டரை ஆனவுடன் இரும்புக் கதவைத் தள்ளி மூடிய ஆசிரியர் ஒருவர், ஓடி வந்த 15 வயது மாணவியின் தலை இடையில் சிக்கியதைக் காணவில்லை. அப்பெண் இறந்தாள். நேரத்தைக் கடைப்பிடிக்கக் கற்பித்த பள்ளி அது!

கண்டிப்பால் மட்டுமே கற்பிக்கலாம் என்று கருதுவோர்க்கு, ஜப்பானுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவைத்தவர் ஒருவர் உளர். இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வை 1377-இல் எழுதினார். அதில் மாணவரிடம் கடுமை காட்டுதல் அவர்க்குக் கேடு என ஒரு தனி அத்தியாயமே அமைத்திருக்கிறார். அடக்குமுறையில் வளர்ந்த பிள்ளையின் உற்சாகம் சாகும். அவன் பொய்யும் வேடமும் பழகுவான். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவான். அதுவே நாளடைவில் அவன் இயல்பாகிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். மதரஸாக்களில் பிரம்பெடுத்தோருள் பலர் இந்நூலை அலமாரியில் வைத்திருந்தவர்களே. அது நிற்க, அதே நூலில் அவர் 'அஸபிய்யா' என்னும் சொல்லால் ஒரு பெரிய உண்மையை விளக்கினார். மனிதனைக் காப்பது தன் கூட்டத்தாரோடு அவனுக்குள்ள பிணைப்பு. அது குருதியால் வரலாம். குருதியில்லாத இடத்தில் நட்புடன்படிக்கையாலும் சார்பாலும் வரலாம். பிணைப்பில்லாதவன் பாலைவனத்தில் நிலைக்க மாட்டான். பாலைவனம் என்பதற்குப் பதிலாகக் கான்கிரீட்டுப் பள்ளி என்று எழுதிப் பாருங்கள். ஜப்பானியச் சிறுவன் ஏன் கூட்டம் தேடினான் என்பது விளங்கிவிடும்.

அரபு இலக்கியம் கற்றவர்க்கு இச்சிறுவர்கள் அயலார் அல்லர். இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் 'ஸஆலீக்' எனப்பட்டவர்கள் இருந்தனர். குலத்தால் விலக்கப்பட்டவர்கள், வறியவர்கள், கொள்ளையிட்டு வாழ்ந்தவர்கள். அவர்களுள் ஷன்ஃபரா என்னும் கவிஞர் பெயரால் வழங்கும் 'லாமிய்யா' என்ற நெடும்பாட்டில், தம் மக்களைத் துறந்து ஓநாயையும் சிறுத்தையையும் கழுதைப்புலியையும் சுற்றமாக ஏற்கும் ஒருவனைக் காண்கிறோம். அப்பாட்டை மதரஸாக்களில் உரையுடன் பாடம் சொல்கிறோம். கொள்ளைக்காரன் பாட்டு என்று எவரும் கிழித்தெறிந்ததில்லை. உர்வா இப்னுல் வர்து என்பவரோ அந்தத் துரத்தப்பட்டவர்களைத் திரட்டிச் சோறிட்டமையால் 'உர்வத்துஸ் ஸஆலீக்' என்றே பெயர் பெற்றார். பழமை ஏறினால் கவிதை. புதிதாய் இருந்தால் போக்கிரித்தனம் என்பது எந்த நியாயம்?

ஜப்பானியச் சிறுவர் அமைத்த கூட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளி விதிகளை வெறுத்து ஓடியவன், ஓடிய இடத்தில் அவற்றினும் கடுமையான விதிகளைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். மேற்சட்டை முழங்கால் வரை நீள வேண்டும். கால்சராய் பலூன்போல் அகன்றிருக்க வேண்டும். முடி இன்ன வகையில் சுருட்டப்பட வேண்டும். பெண்பிள்ளைகள் பாவாடையைக் குட்டையாக்கவில்லை. கணுக்கால் வரை நீட்டினார்கள்! மூத்தவன் முன் இளையவன் தலை வணங்க வேண்டும். தலைவனுக்குப் 'பான்ச்சோ' என்று பட்டம். படையினர் உடை போன்ற நீளங்கியில் கூட்டத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தைத்துக்கொண்டனர். ஒழுங்கை வெறுத்தவன் இப்படியா செய்வான்? தன்னைத் தன் பெயரால் அழைக்கும் ஓர் ஒழுங்கையே அவன் வேண்டி நின்றான்.

இதற்கு நேர் ஒப்பு பாக்தாது நகரில் உண்டு. அங்கே 'அய்யாரூன்' எனப்பட்ட இளைஞர் கூட்டங்கள் சந்தைகளை நடுங்கவைத்தன. 812-813 முற்றுகையில் நகரைக் காத்துப் போரிட்டவர்களுள் கவசமும் இல்லாத இத்தகைய ஏழை இளைஞர் பலர். அவர்களிடையே வளர்ந்த சகோதரத்துவ நெறிக்கு 'ஃபுதுவ்வா' என்று பெயர். 'ஃபதா' என்றால் இளைஞன். 'ஃபுதுவ்வா' என்றால் இளைஞனுக்குரிய பெருந்தன்மை. புதியவனைச் சேர்க்கும்போது உப்புக் கலந்த நீரைக் குடிக்கத் தருவர். அகன்ற கால்சராய் அணிவிப்பர். (கால்சராயில் என்னதான் மந்திரம் இருக்கிறதோ, பாக்தாதுக்கும் டோக்கியோவுக்கும் அதுவே அடையாளமாயிற்று!) 1180 முதல் 1225 வரை ஆண்ட கலீஃபா அந்நாஸிர் இக்கூட்டங்களை என்ன செய்தார்? கண்டிக்கத் தெரியாதவரா அவர்? தாமே அக்கால்சராயை அணிந்து உறுப்பினரானார். 1207-இல் தம்மையே தலைவராக அறிவித்து, கூட்டங்களைத் தம் ஆணைக்குட்பட்ட ஒழுங்கான அமைப்பாக்கினார். அரசியல் நோக்கம் அதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்விடம் தேடும் இளைஞனுக்குச் சேர்விடம் தராமல் அவனை அடக்க முடியாது என்பதை அம்மன்னர் அறிந்திருந்தார். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் இதனை அறிய 1992 வரை ஆயிற்று. பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி அவ்வாண்டு வெளியான அறிக்கையில்தான், பள்ளி பிள்ளையின் 'உள்ளத்துக்கு ஓர் இபாஷோ' ஆக வேண்டும் என்று எழுதினர். 'இபாஷோ' என்றால் இருக்குமிடம். தடையின்றி, விளக்கம் சொல்லாமல், ஒருவன் இருந்துகொள்ளத்தக்க இடம்.

எழுதியது நடந்ததா? ஓசாகாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி, மாணவி ஒருத்தியின் முடி பழுப்பாயிருந்ததால் அதற்குக் கருஞ்சாயம் பூசுமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்திற்று. தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்றாள் அவள். பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பள்ளி என்ன செய்தது? வகுப்பறையிலிருந்து அவள் மேசையை அகற்றிற்று. பெயர்ப் பட்டியலிலிருந்து அவள் பெயரையும் நீக்கிற்று. வழக்கு 2017-இல் எழுந்து 2021-இல் தீர்ப்பாயிற்று. சாய விதி செல்லும் என்ற நீதிமன்றம், மேசையையும் பெயரையும் அகற்றியது மட்டும் தவறென்று 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. ஒரு பிள்ளைக்கு இவ்வுலகில் உள்ள மேசையையும் பெயரையும் எடுத்துவிட்டு, அவள் எங்கே போய் அமர்ந்தாள் என்று சித்திரக் கதையைக் கேட்கின்றனர்!

இனி நூல்களுக்கு வருவோம். நீண்ட தொடர்களை நான் ஏன் ஏற்பதில்லை? அவற்றின் பிறப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அவை வார இதழ்களில் வெளிவருபவை. எந்தக் கதை பிடித்தது என்று வாசகர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவர். வாக்குக் குறைந்த கதை நிறுத்தப்படும், மிகுந்த கதை நீட்டப்படும். ஆகவே அடுத்த வாரம் இன்னும் பெரிய சண்டை வேண்டும். அடுத்த தொகுதியில் இன்னும் வலிய பகைவன் வேண்டும். கூட்டம் கலைந்தால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் விற்பனை முடிந்துவிடும். எனவே கூட்டம் கலையக் கூடாது. அது அழகாக, வீரமாக, தோழமையின் சொர்க்கமாக இருந்தே ஆக வேண்டும். 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' கதையில் 26 வயதான ஒருவன், வாழ்வில் தோற்றவன், 12 ஆண்டுகள் பின்னோக்கிப் போய்த் தன் பள்ளிப் பருவத்துக் கூட்டத்தைத் திருத்த முயல்கிறான். அக்கூட்டம் பின்னாளில் கொலைக் கும்பலாக மாறும் என்பது அவனுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். இந்த ஓரிடத்தில் உண்மை எட்டிப் பார்க்கிறது. அடுத்த கணமே அது மூடப்படுகிறது. பழி முழுவதும் இடையில் நுழைந்த ஒரு தீயவன் மேல் சுமத்தப்படுகிறது. அவனை அகற்றினால் கூட்டம் தூயதாகிவிடும் என்று தொகுதி தொகுதியாக நமக்குச் சொல்லப்படுகிறது. கூட்டத்தின் இயல்பிலேயே உள்ள கேட்டைப் பேசாத இந்தக் கதையைத்தான் பொய்ச்சாட்சி என்கிறேன்.

வணிகர்கள் இதில் எத்துணைத் தேர்ச்சியுடையோர் என்பதற்கு ஒரு சான்று போதும். பள்ளி வன்முறை உச்சத்திலிருந்த 1980-களின் தொடக்கத்தில், பூனைக்குட்டிகளுக்குப் போக்கிரிச் சிறுவரின் உடையை மாட்டிப் படமெடுத்து விற்றனர். அவற்றின் பெயரில் ஓட்டுநர் உரிமச் சீட்டும் அச்சிட்டு விற்றனர். நாடே வாங்கிற்று. பிள்ளை அதே உடையில் வந்தால் காவலரை அழைக்கும் பெற்றோர், பூனை அதே உடையில் வந்தால் சுவரில் மாட்டி வைத்தனர்.

நீண்ட தொடர்களுள்ளும் விதிவிலக்கு உண்டு. 1968 முதல் 1973 வரை வந்த 'அஷிதா நோ ஜோ' அத்தகையது. தாய் தந்தையற்ற ஒருவன் டோக்கியோவின் சேரியொன்றுக்கு வந்து, சீர்திருத்தச் சிறையிலடைக்கப்பட்டு, குத்துச்சண்டை வீரனாகும் கதை. அதில் ஜோவின் எதிரியான ரிக்கிஷி இறந்தபோது, 1970 மார்ச்சில் கவிஞர் தெராயாமா ஷூஜியின் முன்னின்ற ஏற்பாட்டில் இறுதிச் சடங்கே நடத்தினர். நூற்றுக்கணக்கானோர் மலர் சார்த்தினர். அதே மாத இறுதியில் விமானத்தைக் கடத்திய செம்படையினர், தாங்களே ஜோ என்று அறிக்கை விட்டனர். கதையை யார் எப்படிப் படிப்பர் என்பதற்கு ஆசிரியர் பொறுப்பாக முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை. கதையில் வரும் ஜோ எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

நான் மெய்ச்சாட்சி என்று சொல்லும் நூல்களுள் முதலாவது, மத்சுமோட்டோ தாயோ 1993-இல் நூலாக வெளியிட்ட 'ஆஓய் ஹாரு'. ஏழு சிறுகதைகள், ஒரே தொகுதி, முடிந்தது. பெயரில் ஒரு நயம் உண்டு. 'ஆஓய்' என்றால் நீலம், பசுமை. 'ஹாரு' என்றால் வசந்தம். இவ்விரு சொற்களின் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் ஜப்பானிய மொழியில் 'இளமை' என்று பொருள். ஆசிரியர் அச்சொல்லைப் பிரித்து எழுதியிருக்கிறார். இளமை அங்கே உடைந்து கிடக்கிறது. முதற்கதையில் சில மாணவர்கள் பள்ளியின் மேல்மாடிக்கு ஏறி, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே விளிம்பில் நிற்கின்றனர். பிடியை விட்டுக் கைதட்ட வேண்டும்; விழுவதற்குள் மறுபடி கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் தட்டியவன் தலைவன். எதற்குத் தலைவன்? சுவரெல்லாம் கிறுக்கப்பட்ட, ஆசிரியர்கள் கைகழுவிவிட்ட ஒரு பள்ளிக்கு. அப்பட்டத்தால் அவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இக்கதையைப் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் அக்கூட்டத்தில் சேரும் ஆசை வராது. கீழே தெரியும் தரையைப் பார்த்து வயிற்றைக் கலக்கும். தலைவனாவதன் விலையை ஆசிரியர் விரிவுரையின்றிக் காட்டிவிட்டார். இன்னொரு கதையில் மூன்று இளைஞர் கைக்கு ஒரு துப்பாக்கி வந்து சேர்கிறது. நீண்ட தொடரில் அது வீரத்தின் தொடக்கம். இங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் திரிகின்றனர். இந்நூல் சிறுவர்க்குரியதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசை உண்டு, புகை உண்டு, குருதி உண்டு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கையில் நான் இதைத் தரமாட்டேன். ஆனால் அப்பிள்ளையின் தந்தை கையில் தருவேன்.

இரண்டாவது, த்சுமுகி தாக்கு என்னும் பெண்மணி சிறுமியர் இதழொன்றில் 1986-87-இல் எழுதிய 'ஹாட் ரோட்'. நான்கே தொகுதிகள். கசுக்கி என்னும் 14 வயதுச் சிறுமி கடையில் திருடிப் பிடிபடுவதில் தொடங்குகிறது கதை. தந்தை அவள் குழந்தையாயிருந்தபோதே இறந்துவிட்டார். தாயின் மனம் வேறொருவரிடம் இருக்கிறது. வீட்டில் தந்தையின் படம் ஒன்றுகூட இல்லை. தான் விரும்பிப் பெறாத பிள்ளை என்று அச்சிறுமி எண்ணுகிறாள். எண்ணியவள் மோட்டார் சைக்கிள் கூட்டத்து இளைஞனிடம் போய்ச் சேர்கிறாள். பெற்றோரே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுவரில் படம் இல்லை. பிறகுதான் மோட்டார் சைக்கிள் வருகிறது. நம் மேடைப் பேச்சாளர்கள் மோட்டார் சைக்கிளிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்விளைஞன் இறுதியில் விபத்தில் அடிபட்டு உடலின் ஒரு பாதி இயங்காமல் மீள்கிறான். வேகத்துக்கு இக்கதை மாலை சூட்டவில்லை. மனம் மாறுவதில் பெரும்பங்கு தாயினுடையது. சினத்தோடும் கண்ணீரோடும் மகளை அவள் எதிர்கொள்ளும் பக்கங்களில் சண்டைக் காட்சி எதுவும் இல்லை. அடுத்த வாரத்துக்காக ஒரு பகைவனைத் தேடும் கட்டாயம் இந்த ஆசிரியைக்கு இல்லை. அதனால்தான் அவரால் ஒரு வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்வேன். அது போக்கிரிகளின் கதையன்று, போக்கிரிகளாகக் கூடிய பிள்ளைகளின் கதை. மத்சுமோட்டோவே 2010 முதல் 2015 வரை எழுதி ஆறு தொகுதிகளில் முடித்த 'சன்னி'. தாம் இளமையில் சிலகாலம் குழந்தைகள் இல்லத்தில் வாழ்ந்த அனுபவத்தை அடியாகக் கொண்டு அவர் எழுதியது. தாயோ தந்தையோ இருந்தும் வளர்க்க இயலாமல் விடப்பட்ட பிள்ளைகள் அவ்வில்லத்தில் உள்ளனர். முற்றத்தில் ஓடாத பழைய நிஸ்ஸான் சன்னி கார் ஒன்று நிற்கிறது. பெரியவர்களுக்கு அதில் இடமில்லை. பிள்ளைகள் அதற்குள் ஏறி அமர்ந்து, சுழற்றியைப் பிடித்து, தத்தம் ஊருக்கும் வீட்டுக்கும் ஓட்டிச் செல்கின்றனர். ஹாருவோ என்னும் வெண்முடிச் சிறுவன் அவர்களுள் மிகவும் அடங்காதவன். தாயின் நினைவாக அவன் வைத்திருப்பது ஒரு கைப்பூச்சுக் களிம்பு டப்பா. அதை அடிக்கடி திறந்து முகர்ந்து பார்க்கிறான்.

நூல்களைப் பறித்து எறிய வேண்டும் என்போர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கட்டும். எந்த நூல், எந்தப் பக்கம், எந்தக் காட்சி என்று எழுதட்டும். எழுதுவதற்குப் படிக்க வேண்டியிருக்கும். படித்த பிறகும் அவர்கள் அதே தீர்ப்பில் நின்றால், இதே பக்கங்களில் அவர்களோடு வழக்காட நான் ஆயத்தமாயிருக்கிறேன். அதுவரை, முப்பத்தொரு தொகுதிகளைக் கைபேசியில் முடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் அவற்றைப் பறிக்காதீர்கள். 'ஹாட் ரோட்'டின் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, எந்தக் கதையில் தாய் இருக்கிறாள் என்று கேளுங்கள்.